நூற்குச்சியில் நிலைத்த பெயர்

செல்வர் அணிந்த ஆடையைப் பற்றி வரலாறு பேசும். அதனைப் பின்னிய கையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. இதற்கு விலக்காக அமைந்த சிறு கருவி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பெட்போர்டுஷயர், பக்கிங்காம்ஷயர், நார்த்தாம்டன்ஷயர் வட்டாரங்களில் லேஸ் பின்னிய மகளிர் கையாண்ட ‘பாபின்’ என்னும் நூற்குச்சியே அது.

பின்னும் முறை எளியது. வைக்கோல் திணித்த திண்டின்மீது துளையிட்ட மாதிரித்தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய குச்சிகளை நான்கு நான்காகக் கையாள்வர். நடுவிரண்டில் இடப்புறக் குச்சியை வலப்புறக் குச்சியின்மேல் இடுதல் ஓர் அசைவு. ஒவ்வோர் இணையிலும் வலப்புறக் குச்சியை இடப்புறத்ததன்மேல் இட்டு முறுக்குதல் மற்றோர் அசைவு. துளைகளில் குத்திய குண்டூசிகள் பின்னலை நிலைநிறுத்தும். முப்பது முதலெழுத்துகளால் நம் மொழி அமைவதுபோல, இவ்விரண்டு அசைவுகளால் எல்லாக் கோலங்களும் அமைகின்றன.

நூலைத் தேர்வதில் கவனம் தேவை. துளைகளின் இடைவெளிக்கு நூல் மெலிந்தால் பின்னல் தொய்யும். தடித்தால் கண்கள் அடைபடும். நூற்சுருளில் எண் கூடக் கூட நூல் மெலியும்; ஆயினும் பருத்தி நூலின் எண்ணும் லினன் நூலின் எண்ணும் ஒன்றையே குறிப்பன அல்ல. ஆகவே, நூலைப் பென்சில்மீது நெருக்கமாகச் சுற்றி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சுற்று அடங்குகிறது என எண்ணி ஒப்பிடுதலே தக்க வழி. லினன் விறைப்பும் பளபளப்பும் உடையது. ஆனால் அதில் ஆங்காங்கே முடிச்சுப் போன்ற தடிப்பு இருக்கலாம். புதிதாகப் பயில்வோர்க்கு வழவழப்பான பருத்தி நூலே ஏற்றது.

இனி, குச்சிக்கு வருவோம். அதனை எலும்பாலும் மரத்தாலும் செய்தனர். அடியில் கம்பியில் கோத்த கண்ணாடி மணிகள் நூலை இறுக்கமாக வைத்ததோடு, குச்சி உருளாமலும் காத்தன. எலும்பில் புள்ளி புள்ளியாகத் துளையிட்டு, வண்ணமூட்டிப் பெயர்களைப் பொறித்தனர். காதலன் தந்த பரிசு, பிறப்பின் மகிழ்ச்சி, இறந்தோர் நினைவு யாவும் அதில் இடம்பெற்றன. 1868-இல் பெட்போர்டில் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் வோர்ஸ்லியின் பெயர் பொறித்த குச்சியும் உண்டு.

இக்கலைக்குத் துயரமான பக்கமும் உளது. ஐந்து வயதுச் சிறாரையும் ‘லேஸ் பள்ளி’களில் அமர்த்தினர். பெயர்தான் பள்ளி, அங்கே முதன்மையாகக் கற்பித்தது பின்னலே. ஊசிகளை எண்ணும் பாட்டுகளைப் பாடியவாறே அவர்கள் உழைத்தனர். 1808, 1809-ஆம் ஆண்டுகளில் ஜான் ஹீத்கோட் வலைலேஸ் பொறிக்குக் காப்புரிமை பெற்றபின், கைப்பின்னலின் கூலி படிப்படியாக நலிந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்கூடங்களில் அமர்த்துவதைத் தடுத்தது. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உண்மைப் பள்ளிகளுக்கு வழிவகுத்தது.

இன்று இது பொழுதுபோக்குக் கலை. புத்தக அடையாள நாடா ஒன்றைப் பின்னி நண்பர்க்கு அளிப்போர் உளர். திருமண நினைவாகப் பெயர் பொறித்த குச்சியைப் போற்றுவோரும் உளர். விரும்பிச் செய்யும் கை மகிழ்கிறது. அன்று வயிற்றுக்காகச் செய்த பிஞ்சுக் கையோ சோர்ந்தது. எழுதக் கல்லாத சிறுமியின் பெயரைப் பிறரே செதுக்கித்தர வேண்டியிருந்தது. தோட்டப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிக் காட்டும்போதெல்லாம், அச்சிறுமியை நான் நினைத்துக்கொள்கிறேன்.