உங்களுக்குத் தெரியுமா? சவர்டோ ரொட்டி

● சவர்டோ ரொட்டிக்குக் கடை ஈஸ்ட் தேவையில்லை. மாவு, தண்ணீர், உப்பு ஆகிய மூன்றே போதும். மாவில் இயற்கையாக வாழும் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து அதை உப்பவும் புளிக்கவும் வைக்கின்றன. நம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் லாக்டிக் அமில பாக்டீரியாதான்.

● சான் பிரான்சிஸ்கோ ரொட்டியின் தனிப் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவை 1971இல் கிளைன், சுகிஹாரா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அந்த நகரின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. அதே இனம் ஐரோப்பிய புளிமாவுகளிலும் வாழ்கிறது.

● அந்த பாக்டீரியாவுக்குப் பிடித்த உணவு மாவிலுள்ள மால்டோஸ் சர்க்கரை. கூடவே வாழும் ஈஸ்ட் மால்டோஸைத் தொடுவதே இல்லை. உணவுக்குப் போட்டியில்லாததால் இரண்டும் ஒரே மாவில் நெடுங்காலம் செழிக்கின்றன.

● பாக்டீரியா உண்டாக்கும் அமிலங்கள் பூஞ்சை வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. அதனால்தான் இந்த ரொட்டி சாதாரண ரொட்டியைவிடக் கூடுதல் நாள் தாங்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்: முழுக் கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து வையுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேருங்கள். ஒன்றிரண்டு வாரங்களில், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் தாய்மாவு தயாராகும். மாவு சேர்த்த சில மணி நேரத்தில் அது தவறாமல் இரண்டு மடங்காக உயர்ந்தால் ரொட்டிக்குப் பயன்படுத்தலாம். அதனுடன் மாவு, தண்ணீர், உப்பு சேர்த்துப் பிசைந்து, உப்பிய பிறகு மூடிய இரும்புப் பாத்திரத்தில் சுட்டால், உள்ளே தங்கும் நீராவி மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் காத்து, ரொட்டி நன்றாக எழும்ப வழிசெய்யும். முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள்.