தோலை இளக்கியது யார்?

நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கார்லோ குர்ட்சியோவிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய தோல் உடம்பு முழுக்க இறுகிக் கிடந்தது. வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல ஒரு பிடிப்பு. குர்ட்சியோ அவளை இளஞ்சூடான பாலிலும் நீராவியிலும் குளிக்கவைத்தார், காலிலிருந்து ரத்தம் வடித்தார், பாதரசத்தைச் சிறு அளவில் கொடுத்தார். 11 மாதங்களில் அவள் தோல் இளகியது. 1753-இல் இதை அவர் நூலாகவே எழுதினார்.

தோலை இளக்கியது பாலா, பாதரசமா? அல்லது அந்த 11 மாதங்களேதானா? அவளுக்கு வந்தது ஸ்கிளீரோடெர்மாதானா, அதைப் போன்ற வேறொரு நோயா என்றுகூட இன்றைய மருத்துவர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள். 270 ஆண்டுகள் கழிந்தபின்பும், இந்த நோய்க்கு எந்த மாத்திரையை விழுங்கலாம் என்று யோசிக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் இதே கேள்விதான் நிற்கிறது.

ஸ்கிளீரோடெர்மா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் ‘கெட்டித் தோல்’ என்று பொருள். ஆனால் கதை தோலோடு நிற்பதில்லை. கையில் காயம் பட்டால் அங்குள்ள நார்ச்செல்கள் கொலாஜன் என்ற புரதத்தை நூற்றுக் காயத்தை அடைக்கின்றன. வேலை முடிந்ததும் நிறுத்திக்கொள்கின்றன. இந்த நோயில் காயமே இல்லாத இடத்திலும் நூற்பு நடக்கிறது, நிற்கவும் மறுக்கிறது. தோலில் தொடங்கி உணவுக்குழாய், நுரையீரல், இதயம் என்று தழும்பு பரவக்கூடும்.

நூற்பை ஏவிவிடுவதில் வேறு இரண்டு கோளாறுகளுக்கும் பங்கு உண்டு. நுண்ணிய ரத்த நாளங்கள் சேதமடைகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்கிறது. நாளங்களின் கோளாறால், குளிர்ந்த நீரைத் தொட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கின்றன. 1862-இல் மொரீஸ் ரெய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இந்த அறிகுறி, தோல் இறுகுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருக்கு வந்துவிடுகிறது.

கோளாறு மூன்று வகை என்பதால் மருந்தும் மூன்று வகை. நிஃபெடிபின், சில்டெனாஃபில், போசென்டான் போன்றவை ரத்த நாளங்களைத் தளர்த்துகின்றன. மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்றவை எதிர்ப்பு மண்டலத்தை அடக்குகின்றன. நின்டெடானிப் நார்ச்செல்களின் நூற்பைக் குறைக்கிறது. மூன்றையும் ஒருசேர நிறுத்தும் மருந்து இல்லை. அதனால்தான் இந்த நோயாளிகளின் வாழ்வில், ஒரு மருந்தின் பலன் எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு என்று எடைபோடுவது முடிவதே இல்லை.

எடைபோடுவது எவ்வளவு கடினம் என்பதை டி-பெனிசிலமைன் கதை காட்டும். கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதை இந்த மருந்து தடுக்கும் என்பது வேதியியல் சொன்ன காரணம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. கொடுத்துப் பார்த்தவர்களும் தோல் இளகுவதைக் கண்ணால் கண்டார்கள். பல ஆண்டுகள் விரும்பி எழுதப்பட்ட மருந்து அது. பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் 134 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 750 முதல் 1000 மி.கி. வரை. மற்றொரு குழுவுக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் வெறும் 125 மி.கி. 1999-இல் முடிவு வெளியானது. இரண்டு குழுவிலும் தோல் இளகியிருந்தது, 12 மடங்குக்கு மேல் மருந்து எடுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் இளகவில்லை. பக்கவிளைவுகள் மட்டும் அவர்களுக்குத்தான் அதிகம்.

விடை நோயின் இயல்பிலேயே இருந்தது. உடலெங்கும் பரவும் வகை ஸ்கிளீரோடெர்மாவில், முதல் சில ஆண்டுகளில் தோல் வேகமாக இறுகுகிறது. அதன்பின் பலருக்குத் தானாகவே மெல்ல இளகத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து எந்த மருந்தை எடுத்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கை உட்காராத மரத்திலும் பழம் விழுகிறதா என்று பார்க்காமல் காக்கையின் பலத்தை அளக்க முடியாது. மருந்து ஆய்வில் ஒப்பீட்டுக் குழு என்பது அந்தக் காக்கையில்லாத மரம்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்களில் சிலருக்குத் திடீரென ரத்த அழுத்தம் எகிறிச் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழக்கும். ஒருகாலத்தில் இந்த நோயில் மிகுதியாக உயிர் பறித்தது இதுதான். இதற்கு வழி காட்டியது ஒரு பாம்பு. பிரேசில் நாட்டின் ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரியும். அந்த நஞ்சை செர்ஜியோ ஃபெரேரா 1960-களில் ஆராய்ந்தார். அந்த வழியே நடந்த ஆராய்ச்சியில் கேப்டோப்ரில் என்ற மாத்திரை உருவானது. அது இந்தச் சிறுநீரக நெருக்கடியை மீட்டது என்ற செய்தி 1979-இல் வந்தது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இவ்வகை மருந்து கிடைக்காதவர்களில் ஓராண்டைத் தாண்டியவர்கள் 15 சதவீதம், கிடைத்தவர்களில் 76 சதவீதம். இங்கே தராசு தேவையில்லை, கண்ணுக்கே தெரிகிறது.

ஆனால் அதே மருந்தை ‘வருமுன் காப்போம்’ என்று நெருக்கடிக்கு முன்பே எடுத்தால் அது காக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. வலிக்கும் வீக்கத்துக்கும் உடனே சுகம் தரும் ஸ்டீராய்டோ, நாளுக்கு 15 மி.கி. பிரெட்னிசோன் அளவை எட்டும்போது இந்த நெருக்கடியின் ஆபத்தைக் கூட்டுகிறது. வேறு வாத நோய்களில் கைகொடுக்கும் மாத்திரை இங்கே காலை வாரலாம். அதனால்தான் நோயின் ஆரம்ப ஆண்டுகளில், அதிலும் ஆர்என்ஏ பாலிமரேஸ்-3 எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பவர்களிடம், வீட்டில் ஒரு பி.பி. கருவி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

இன்று அதிகம் அஞ்சப்படுவது நுரையீரல் தழும்பு. 2006-இல் 158 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு சைக்ளோஃபாஸ்ஃபமைடு எடுத்தவர்களின் நுரையீரல் கொள்ளளவு, எடுக்காதவர்களைவிட 2.53 சதவீதப் புள்ளிகள் மேலாக இருந்தது. போர்க்களத்து மஸ்டர்ட் வாயுவின் வேதிக் குடும்பத்தில் பிறந்த மருந்து அது. ரத்த அணுக்களையும் கருமுட்டைகளையும் பாதிக்கக்கூடியது. 2016-இல் மற்றோர் ஆய்வு அதை மைக்கோஃபினோலேட்டோடு மோதவிட்டது. மைக்கோஃபினோலேட்டின் மூலப்பொருளை 1893-இல் இத்தாலியின் பர்டோலோமியோ கோசியோ மக்காச்சோளத்தில் படர்ந்த பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். இரண்டு மருந்தும் நுரையீரலுக்கு ஏறக்குறைய ஒரே அளவு உதவின. ஆனால் மைக்கோஃபினோலேட்டை நோயாளிகளின் உடம்பு எளிதாகத் தாங்கியது. சமமாக வந்ததே அதற்கு வெற்றியாயிற்று.

2019-இல் இந்த நோய்க்கு நின்டெடானிப் வந்தது. 576 பேரிடம் சோதித்தபோது, மருந்தில்லாத குழு ஆண்டுக்குச் சராசரியாக 93 மி.லி. நுரையீரல் கொள்ளளவை இழந்தது, மருந்து எடுத்த குழு 52 மி.லி. வித்தியாசம் 41 மி.லி., அதாவது எட்டுத் தேக்கரண்டிக் காற்று. அந்த எட்டுக் கரண்டிக்காக 100-க்கு 76 பேர் வயிற்றுப்போக்கைத் தாங்கினார்கள். மருந்தில்லாத குழுவில் அது 32. தோலில் மாற்றம் தெரியவில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதை நோயாளியால் உணரவே முடியாது, ஏனென்றால் அதன் பலன் நடக்காமல் போன ஓர் இழப்பு. இழந்த நுரையீரலோ திரும்பி வருவதில்லை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குபவருக்கு எட்டுக் கரண்டி பெரிது. தழும்பு பல ஆண்டுகளாக அசையாமல் இருப்பவருக்கு அது வயிற்றுப்போக்குக்கு ஈடாகாமல் போகலாம். எண் ஒன்றுதான், எடை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் இந்தக் கணக்கு நெஞ்சை அடைக்கும். ஐரோப்பாவில் 156 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அந்தச் சிகிச்சைக்குச் சென்ற 79 பேரில் 8 பேர் முதல் ஆண்டிலேயே சிகிச்சையின் காரணமாக இறந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. மாற்றுச் சிகிச்சை பெற்ற குழுவில்தான் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள். நோய் வேகமாக முற்றும் ஒருவருக்கு இது கேட்கத்தக்க வழி. மெல்ல நகரும் நோயோடு வாழ்பவரை இந்த முதல் ஆண்டுக்குள் தள்ளுவது நியாயமாகாது.

இந்த நோய் பெண்களையே அதிகம் பிடிக்கிறது, குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் வயதிலும் வருகிறது. மைக்கோஃபினோலேட்டும் போசென்டானும் கருவைச் சிதைக்கக்கூடியவை. அந்த ஆசையை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், எடைபோட்டதில் பாதி விட்டுப்போயிற்று என்று பொருள். ‘இந்த மருந்து நல்லதா’ என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது இது: ‘ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் என் நோய் எந்தப் பக்கம் போகும்?’ எந்த எதிர்ப்பொருள், அறிகுறி தொடங்கி எத்தனை ஆண்டு, நுரையீரல் ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பவற்றை வைத்து மருத்துவர் சொல்லும் விடைதான் காக்கையில்லாத மரம்.

தோலின் இறுக்கத்தை இன்றும் விரலால்தான் அளக்கிறார்கள். மருத்துவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உடம்பில் 17 இடங்களில் தோலைப் பிடித்துப் பார்க்கிறார். ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 51. போன முறை 24 இருந்தது இந்த முறை 18 ஆனால், கை மடங்குகிறது, சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறது. அது யார் செய்த வேலையானாலும் அந்த மகிழ்ச்சி முழுசாக அவருடையது. மாத்திரையைத் தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசும்போது மட்டும் நேப்பிள்ஸ் பெண்ணின் அந்த 11 மாதங்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.