ஆய்வு நல்கையும் அதன் கணக்கும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில், கோபாலபுரத்தில் இரு மாநிலங்கள் சந்திக்கின்றன. எல்லையின் இருபுறமும் தென்னந்தோப்புகள்; இருபுறமும் தமிழ் பேசும் குடும்பங்கள். இவ்வட்டாரத்தில் வங்கிப் பணி ஆற்றுவோர் அண்மைக் காலமாக ஒரு புதிய வகை வாடிக்கையாளரைக் காண்கின்றனர். அவர் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. கோவையிலோ பாலக்காட்டிலோ முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருப்பவர். 2015-ஆம் ஆண்டு கோழிப்பாறையில் தற்காலிக வளாகத்தில் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கஞ்சிக்கோட்டுக்கு மாறிய பாலக்காடு ஐஐடியும், கோவையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் இவ்வூர்களுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன.

இந்த இளம் வாடிக்கையாளரின் சேமிப்புக் கணக்கைப் பார்த்தால் ஒன்று புலப்படும். மாதந்தோறும் வரவேண்டிய ஆய்வு உதவித்தொகை சில வேளைகளில் மூன்று நான்கு மாதங்கள் வராது. பிறகு ஒரே நாளில் மொத்தமாக வரவாகும். "அரசாங்கம் ஒதுக்கிவிட்ட பணம்தானே, இடையில் எங்கே நிற்கிறது?" என்று தந்தையார் நம்மிடம் கேட்பார். வங்கியில் நிற்கவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பணம் கடந்துவரும் வழியை அறிந்துகொண்டால், காத்திருக்கும் குடும்பத்தினர் யாரிடம் எதைக் கேட்பது என்பதையாவது தெரிந்துகொள்வர்.

முதலில் ஒரு தெளிவு. ஆய்வு நல்கை என்பது நன்கொடை அன்று. ஒரு குறிப்பிட்ட பணிக்காக, குறிப்பிட்ட காலத்திற்கு, குறிப்பிட்ட தலைப்புகளில் செலவிடுவதற்கென நம்பிக்கையின்பேரில் ஒப்படைக்கப்படும் பொதுப்பணம் அது. பேராசிரியர் ஒருவர் முதன்மை ஆய்வாளராகத் திட்டம் எழுதிப் பெற்றாலும், பணம் அவருக்கு வருவதில்லை, பல்கலைக்கழகத்துக்கு வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கும் கருவியும் அவருடையதன்று. நல்கை வழங்கிய துறையின் முன் ஒப்புதலின்றி அதனைப் பல்கலைக்கழகமேகூட விற்க இயலாது.

நம் பகுதி உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. 1970-இல் தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் அளக்கப்பெற்றுச் சித்தூர்ப் பகுதிக்கு வரவேண்டும். தண்ணீர் மொத்தமாக ஒரே நாளில் திறந்துவிடப்படுவதில்லை. திறப்பதற்கும் கணக்கு உண்டு, பெறுவதற்கும் கணக்கு உண்டு. ஆய்வு நல்கையும் அவ்வாறே தவணை தவணையாக வருகிறது. முதல் தவணை செலவானதற்குக் கணக்கு காட்டினால்தான் அடுத்த மதகு திறக்கும்.

அந்தக் கணக்கிற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று பெயர். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 இதற்கென ஒரு படிவத்தையே வகுத்திருக்கிறது. நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் இதனை அளிக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் அத்தனை மாதங்கள் எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தில் அடுத்த தவணையும் அத்தனை மாதங்கள் தள்ளிப்போகும் என்பதே நடைமுறை. ஆய்வுக்கூடத்தில் ஒரு ரசீது காணாமற்போனால், அல்லது நிதி அலுவலரின் மேசையில் ஒரு கோப்பு கையொப்பத்திற்காகக் காத்திருந்தால், அதன் விளைவு கோபாலபுரத்தில் ஒரு வீட்டுக் கணக்கில் தெரிகிறது.

இன்னொரு வினாவும் எழுவதுண்டு. திட்டத்தில் இலட்சக்கணக்கில் பணம் செலவாகாமல் இருக்கும்போதே உதவித்தொகை மட்டும் நிற்பது எப்படி? நல்கைக்குத் தலைப்புகள் உண்டு: கருவிகள், நுகர்பொருள்கள், பயணம், மனிதவளம், எதிர்பாராச் செலவு, நிறுவனத்தின் மேற்செலவு எனப் பிரிக்கப்பட்டிருக்கும். கருவி வாங்க வந்த மூலதனப் பணத்தை உதவித்தொகைக்குத் திருப்ப முதன்மை ஆய்வாளருக்கு அதிகாரம் இல்லை. இளநிலை ஆய்வாளருக்கான தொகை 2023 சனவரி 1 முதல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; முதுநிலை ஆய்வாளருக்கு 35,000 ரூபாய் 42,000 ரூபாயானது. மகிழத்தக்க உயர்வுதான். ஆனால் பழைய விகிதத்தில் மதிப்பீடு செய்து ஒப்புதல் பெற்றிருந்த திட்டங்களில் ஓர் இளநிலை ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் வீதம் மனிதவளத் தலைப்பில் பற்றாக்குறை தோன்றும். அது எங்கிருந்து வரும் என்பதை யாரேனும் முடிவுசெய்து எழுத்தில் தந்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டப் பிரிவு செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுவே. வெளியே தெரியாத வேலை. நன்றாக நடந்தால் யாரும் பாராட்டுவதுமில்லை.

இராமானுசனுக்கு வந்த 75 ரூபாய்

ஆய்வுக்குப் பணம் தருவதும் அதற்கு அறிக்கை கேட்பதும் புதிய வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழகத்தின் புகழ்பெற்ற நல்கை ஒன்றுக்கு நூறாண்டுக்கும் மேல் வயதாகிறது.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுசன் 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தார். அதுவும் கணக்குப் பிரிவில். (நம் தொழிலுக்கு உறவுக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.) 1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணிதக் குறிப்புகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இடையூறு ஒன்று இருந்தது. ஆய்வு உதவித்தொகைக்கு உரிய பட்டம் இராமானுசனிடம் இல்லை. அத்தகையவருக்குப் பணம் வழங்கப் பல்கலைக்கழக விதிகளில் இடமும் இல்லை. ஆட்சிக்குழு விதியைப் புறக்கணிக்கவுமில்லை, விதியைக் காட்டிக் கைவிரிக்கவுமில்லை. சிறப்பு நேர்வாகக் கருதி அரசின் இசைவைப் பெற்று, 1913 மே 1 முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. துறைமுகக் கழகமும் அவருக்கு ஊதியமில்லா விடுப்பு அளித்தது.

அந்த 75 ரூபாய்க்கும் நிபந்தனை இருந்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்ற அறிக்கை தரவேண்டும். முதல் அறிக்கையில் 1913 ஆகஸ்டு 5 என நாள் இட்டிருக்கிறது. மூன்றாவது அறிக்கையை 1914 மார்ச்சில், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குச் சில நாள்களுக்கு முன் அளித்தார். நல்கைக்காக எழுதப்பட்ட அந்தக் காலாண்டு அறிக்கைகளைப் பிற்காலக் கணித அறிஞர்கள் தனியே ஆராய்ந்திருக்கின்றனர். அறிக்கை எழுதுவது ஆய்வுக்கு இடையூறு என்று சலித்துக்கொள்ளும் பேராசிரியர்களுக்கு இதனை நினைவூட்டலாம்.

கேம்பிரிட்ஜில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் 50 பவுன் இந்தியாவிலிருந்த குடும்பத்தின் பராமரிப்புக்கெனப் பிரித்து வழங்கப்பட்டது. தாயகம் திரும்பிய பின்னும் ஆண்டுக்கு 250 பவுன் என்று பல்கலைக்கழகம் அறிவித்தபோது, நோயுற்றிருந்த இராமானுசன் 1919 சனவரி 11 அன்று பதிவாளருக்கு எழுதிய கடிதம் நல்கை வரலாற்றில் அரியது. இத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்கு அளித்து, தம் செலவு போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்தலாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். இன்று செலவாகாத மீதியை வழங்கியவருக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது கட்டாய விதி.

வட்டி யாருக்கு?

முன்பெல்லாம் நல்கைப் பணம் பல்கலைக்கழகத்தின் சேமிப்புக் கணக்கில் மாதக்கணக்கில் தங்கும், வட்டியும் சேரும். அந்த வட்டியைப் பல்கலைக்கழகம் தன் வருமானமாகக் கொள்ள இயலாது. கணக்கு முடிந்ததும் இந்தியத் தொகுப்பு நிதியில் செலுத்திவிட வேண்டும் என்று 2017 விதிகள் கூறுகின்றன. பிறகு அரசு இன்னும் ஒரு படி சென்றது. 2022-இல் வெளியான ஆணையைத் தொடர்ந்து பல மத்தியத் திட்டங்களில் சுழிய இருப்புத் துணைக் கணக்கு என்னும் முறை வந்துவிட்டது. கணக்கில் பணமே இராது. செலவிடும் வரம்பு மட்டும் இருக்கும். ஆய்வாளருக்கோ கருவி விற்றவருக்கோ பணம் செலுத்தும் நொடியில்தான் அரசின் கணக்கிலிருந்து தொகை நகரும்.

வங்கியாளன் என்ற முறையில் இதில் எங்களுக்கு வைப்புத்தொகை குறைகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கடன் வாங்கி நாட்டை நடத்தும் அரசு, தன் பணத்தை ஆயிரம் கணக்குகளில் உறங்கவிட வேண்டும் என்று வாதிட முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மார்ச் 31 அன்று பயன்படுத்தாத வரம்பு காலாவதியாகிவிடும். புதிய ஆண்டின் வரம்பு வந்து சேரும்வரை ஏப்ரல், மே மாத உதவித்தொகைக்கு வழியில்லை. முன்பு பல்கலைக்கழகத்தின் கையிருப்பு இந்த இடைவெளியைத் தாங்கியது. இப்போது அத்தகைய கையிருப்பு இல்லாத நிறுவனங்களில் ஆய்வாளரின் குடும்பமே தாங்குகிறது. வசதியுள்ள நிறுவனங்கள் தம் சொந்த நிதியிலிருந்து முன்பணம் கொடுத்துப் பின்னர் ஈடுசெய்துகொள்கின்றன. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதற்கென ஒரு சிறு சுழல்நிதி வைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

கருவி கொள்முதலில் ஓரளவு தளர்வு கிடைத்திருக்கிறது. 2025 சூனில் மத்திய அரசு, அறிவியல் ஆய்வு நிறுவனங்கள் விலைப்புள்ளியின்றி நேரடியாக வாங்கும் உச்சவரம்பை ஓர் இலட்சம் ரூபாயிலிருந்து இரண்டு இலட்சமாக உயர்த்தியது. நிறுவனத் தலைவர்களும் துணைவேந்தர்களும் தேவைக்கேற்ப அரசு மின்சந்தைக்கு வெளியிலும் கருவி வாங்கலாம் என்று அனுமதித்தது.

தென்னையின் காலமும் திட்டத்தின் காலமும்

இக்கணக்குகள் எல்லாம் நம் தோப்புகளுக்கு என்ன தரும்? 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டையில் முதன்முதலாகக் காணப்பட்ட வேர்வாடல் நோய் இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளை அழித்து வருகிறது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் இந்நோயைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. நோய் மிகுந்த தோப்புகளில் தப்பி நிற்கும் மரங்களைத் தேடி, அவற்றிலிருந்து வழிவழியாகத் தேர்ந்தெடுப்பதே நிலையான வழி. மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் காயங்குளம் நிலையத்தார் கல்பரட்சா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்னும் தாங்குதிறன் மிக்க வகைகளை இவ்வாறுதான் உருவாக்கினர். நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒரு வகையை உறுதிசெய்யப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

ஆனால் வழக்கமான ஆய்வு நல்கையின் காலம் மூன்று ஆண்டுகள். முதலாண்டு ஆள் சேர்ப்பதிலும் கருவி வாங்குவதிலும் கழிகிறது. மூன்றாம் ஆண்டு சான்றிதழ்களில் முடிகிறது. நட்ட கன்று பாளை விடுமுன்பே திட்டம் மூடப்படும். இதனால்தான் ஆழியாறுநகர்த் தென்னை ஆராய்ச்சி நிலையம் பங்குபெறும் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் போன்ற நீடித்த ஏற்பாடுகள் இன்றியமையாதவை. அதில் செலவின் 75 விழுக்காட்டை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் 25 விழுக்காட்டை மாநிலமும் ஏற்கின்றன. மாநிலப் பங்கு உரிய காலத்தில் வராவிட்டாலும் பணி தடைப்படும். 2024-இல் செயற்பாட்டுக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்திற்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டப்படும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. அதில் மரப்பயிர்களுக்கெனப் பத்தாண்டு நல்கைகள் அமையுமானால் நம் பகுதிக்கு நன்மை.

நல்கையும் ஒப்பந்தமும்

தென்னைநார், நார்க்கழிவு, தேங்காய் எண்ணெய்த் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பல்கலைக்கழகங்களிடம் ஆய்வுப் பணி ஒப்படைப்பது பெருகி வருகிறது. அவர்கள் அறியவேண்டியது ஒன்று உண்டு. அறிவு வளர்வதற்காகத் தரப்படுவது நல்கை. தமக்கு வேண்டிய முடிவைப் பெறுவதற்காகக் கட்டணம் கொடுத்தால் அது ஒப்பந்தம். இந்த வேறுபாட்டில் வரி இருக்கிறது.

2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கேரளத்தின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டு, கோபாலபுரத்திலும் வரிக்காக லாரிகள் காத்து நின்ற நிலை மாறியது. அதே வரி சில ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தது. ஆய்வு நல்கையையும் சேவைக்கான கட்டணமாகக் கருதி வரித்துறை அறிவிப்புகள் அனுப்பியது. 2024-இல் டெல்லி ஐஐடிக்கு வந்த அறிவிப்பு ஏறத்தாழ 120 கோடி ரூபாய்க்கு என்று செய்திகள் வெளியாயின. அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று கூடிய வரிமன்றத்தின் பரிந்துரைப்படி, அரசு நிறுவனங்களும் வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பல்கலைக்கழகங்களும் நல்கை பெற்றுச் செய்யும் ஆய்வுக்கு அக்டோபர் 10 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. தனியார் தரும் நல்கைக்கும் இது பொருந்தும். கட்டண ஆலோசனைப் பணிக்கு 18 விழுக்காட்டு வரி தொடர்கிறது. ஆகவே கையொப்பமிடுமுன் ஆவணத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு, முடிவுகளைப் பேராசிரியர் இதழில் வெளியிடலாமா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொகை என்பனவற்றையும் எழுத்தில் பெறுங்கள்.

ஆய்வு மாணவர்களின் பெற்றோருக்கு ஒரு சொல். உதவித்தொகை நின்றால், திட்டத்தின் ஒப்புதல் ஆணை எந்நாள் வரை செல்லும், கடந்த ஆண்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்பட்டதா, மனிதவளத் தலைப்பில் இருப்பு எவ்வளவு என்ற மூன்றையும் பிள்ளைகள் வழியே ஆய்வுத் திட்டப் பிரிவில் கேட்டறியுங்கள். கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் கிளையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையை நம்பிக் கடன் தவணை செலுத்துவோர், பிப்ரவரி முடிவதற்குள் மூன்று மாதத் தவணைக்கான தொகையை ஒதுக்கி வைத்திருப்பது நல்லது.