அம்புக்கும் கண் உண்டு

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?” என்பது நம் பாட்டன் காலத்துப் பழமொழி. நல்ல பழமொழிதான். ஆனால் அது சொல்வது பாதி உண்மை. அம்புக்குக் கண் இல்லை, காது இல்லை, மனச்சான்று இல்லை. லத்தியை ஏந்திய மனிதனுக்கோ இவை எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் அவன் ஏன் அம்பாகிறான்? யார் அவனை அம்பாக்குகிறார்கள்? அவன் அம்பாக மறுப்பது எப்போது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தாக வேண்டியவர்கள் யார்? மாளிகைவாசிகளா? அல்ல! லாக்கப் கதவு யாரை விழுங்கக் காத்திருக்கிறதோ அந்த உழைப்பாளிகள்தான்.

வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ படத்தைப் பார்த்த தோழர்கள் பலர் இருப்பீர்கள். 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2016 பிப்ரவரியில் நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தது. அதன் மூலக்கதை ‘லாக்கப்’ என்னும் நூல். எழுதியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். கோவையில் ஆட்டோ ஓட்டிய தொழிலாளி மு. சந்திரகுமார். பிழைப்புத் தேடி ஆந்திரத்துக் குண்டூருக்குப் போன அவர், 1983-இல் அங்கே போலீஸ் கொட்டடியில் பட்ட பாட்டைத்தான் நூலாக்கினார்.

படத்தின் கதை நமக்குப் புதிதல்ல. கூலி வேலை செய்து பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர்கள் சிலரைப் போலீசார் அள்ளிச் செல்கிறார்கள். நடந்த திருட்டு ஒன்று. அதை முடித்தாக வேண்டிய அவசரம் ஒன்று. மொழி தெரியாத, கேட்க நாதியில்லாத ஏழைகளின் முதுகு கிடைத்தது, கணக்கு முடிகிறது. அதிசயம் என்னவென்றால், அந்தப் படத்தில் மீசை முறுக்கிய வில்லன் என்று தனியே எவனும் இல்லை. அடிப்பவர்கள் டீ குடிக்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், வேலை நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போகிறார்கள். சமுத்திரக்கனி நடித்த முத்துவேல் என்ற தமிழக அதிகாரி ஈரநெஞ்சக்காரர். நீதிமன்றத்தில் அந்த இளைஞர்களின் தமிழைப் பெயர்த்துச் சொல்லி அவர்களை மீட்டவரே அவர்தான். பிறகு? மேலிடத்துக் குற்றம் ஒன்றை மறைக்க, அதே இளைஞர்களைத் தீர்த்துக்கட்டும் வேலையில் அவரையே கொண்டுபோய் நிறுத்துகிறது ஆணை. அவர் தயங்குகிறார். தயங்கிய அவரையும் அந்த இயந்திரம் விட்டுவைக்கவில்லை.

நல்லவன் ஒருவன் தீயதற்குக் கருவியாவது கதாசிரியன் கற்பனையா? அறிவியல் சோதித்துப் பார்த்திருக்கிறது, தோழர்களே!

1961-ஆம் ஆண்டு. யூதர்களைக் கொலைக்கூடங்களுக்கு ரயிலேற்றிய ஐக்மன் என்பவன் ஜெருசலேம் நீதிமன்றக் கூண்டில் நின்று, “நான் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். பத்திரிகை விளம்பரம் கொடுத்து ஆட்களை அழைத்தார். அஞ்சலக ஊழியர், ஆசிரியர், விற்பனையாளர், கூலியாள் என்று எல்லாத் தரத்தாரும் வந்தார்கள். “அடுத்த அறையில் இருப்பவர் பாடத்தில் தவறு செய்யும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி கொடுங்கள், ஒவ்வொரு தவறுக்கும் ஒரு படி கூட்டுங்கள்” என்றார்கள். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 விசைகள். உண்மையில் மின்சாரமே பாயவில்லை, அலறியவர் நடிகர். விசையைத் தட்டியவருக்கோ அது தெரியாது. தயங்கியபோதெல்லாம் அதிகாரி சொன்னது, “தொடருங்கள்” என்பதுதான். துப்பாக்கி காட்டவில்லை, வேலையைப் பறிப்பேன் என்று மிரட்டவும் இல்லை. 1963-இல் வெளிவந்த முடிவு என்ன? 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள்! வியர்த்தார்கள், நடுங்கினார்கள், “போதும்” என்று கெஞ்சவும் செய்தார்கள், ஆனாலும் தட்டினார்கள்.

இன்னொரு முறை, விசையைத் தட்டும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, வந்தவருக்குப் பக்கத்தில் துணைவேலை மட்டும் கொடுத்தார்கள். அப்போது 40 பேரில் 37 பேர் கடைசி வரை உடன்நின்றார்கள். நம் காஞ்சி வட்டாரத் தறிக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? சாயம் தோய்ப்பவர் ஒருவர், நூல் இழைப்பவர் ஒருவர், பாவு போடுபவர் ஒருவர், தறியில் அமர்பவர் ஒருவர். பல கை சேர்ந்தால்தான் ஒரு பட்டுச்சேலை. கொடுமையும் அப்படித்தான் நெய்யப்படுகிறது! பொய்வழக்கு எழுதியவன் ஒருவன், கதவைச் சாத்தியவன் ஒருவன், சட்டையைக் கழற்றச் சொன்னவன் ஒருவன், பார்த்தும் பாராமல் நின்றவன் ஒருவன். கேட்டால் ஒவ்வொருவனும் சொல்வான்: “நான் அடிக்கவில்லையே!”

சிறையையே சோதனைச்சாலை ஆக்கியதும் உண்டு. 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் ஜிம்பார்டோ என்ற பேராசிரியர் ஒரு போலிச் சிறையை அமைத்து, மாணவர்களில் சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் ஆக்கினார். இரண்டு வாரத்துக்கு என்று திட்டமிட்டது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது; காவலர் வேடமிட்டவர்கள் கைதி வேடமிட்டவர்களை அவ்வளவு இழிவுபடுத்தினார்கள். “சீருடை போட்டால் எவனும் மிருகமாவான்” என்று உலகெங்கும் பாடம் சொன்னார்கள்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். அந்தப் பாடம் போலீஸ் அதிகாரிக்கு எவ்வளவு வசதி! “சீருடை செய்த குற்றம்; நான் என்ன செய்வேன்?” என்று கையைக் கழுவிக்கொள்ளலாமே! ஆனால் பின்னாளில் அந்தச் சோதனையின் ஏடுகளையும் ஒலிநாடாக்களையும் புரட்டியவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கடுமையாக நடக்கும்படி காவலர்கள் தூண்டப்பட்டிருந்தார்கள். 2001-இல் இங்கிலாந்தில் ரைகர், ஹாஸ்லம் என்ற இரு ஆய்வாளர்கள் பி.பி.சி.யுடன் சேர்ந்து இதே போன்ற சிறையை அமைத்தபோது, காவலர்கள் தாமாக மிருகமாகிவிடவில்லை. அதிகாரம் செலுத்தவே கூசினார்கள். ஆகவே சீருடை மட்டும் மனிதனை மிருகமாக்குவதில்லை. “இவன் கைதி, இவன் எதிரி, இவனை அடிப்பது நாட்டுக்கு நன்மை, கேட்க ஆளில்லை” என்று காதில் ஓதும் குரலும் வேண்டும். அந்தக் குரல் மேலிடத்திலிருந்து வருகிறது.

இந்த உண்மையை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை மத்தியச் சிறையின் ஒன்பதாம் பிளாக் போதும்!

1976 ஜனவரி 31. கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா என்னும் கொடுஞ்சட்டம் பாய்ந்தது. வழக்கில்லை, வாய்தா இல்லை, கழகத் தோழர்கள் சிறைக்குள் தள்ளப்பட்டார்கள். பிப்ரவரித் தொடக்கத்தின் ஓர் இரவில், அந்த பிளாக்கில் தடிகள் பேசின. அடித்தவர்கள் வார்டர்கள் மட்டுமா? தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த கைதிகளும் அடிக்க ஏவப்பட்டார்கள்! கைதியைக் கொண்டே கைதியை அடிக்கும் கலை அது. அதற்கு நிகரான சோதனையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தியதில்லை. சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்தவரும், செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவருமான சிட்டிபாபு, இளைஞர் மு.க. ஸ்டாலின் மீது விழவிருந்த அடிகளைத் தம் உடம்பில் தாங்கிக்கொண்டார். 1977-இன் தொடக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. நெருக்கடி நிலை ஒழிந்த பிறகு, கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. சிறையில் அடித்தது உண்மை என்று கமிஷன் கண்டது. சிட்டிபாபு எழுதிவைத்த சிறைக்குறிப்பும் அந்தக் கொடுமைக்குச் சாட்சியாய் நிற்கிறது.

நினைத்துப் பாருங்கள்! அன்று தடியெடுத்த கைதிக்கும் தடியடி பட்ட தோழருக்கும் என்ன பகை? இருவரும் ஒரே சுவருக்குள் அடைபட்டவர்கள். அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு பீடி, ஒரு சலுகை, ஒரு தட்டிக்கொடுத்தல். எய்தவன் யார் என்பது இப்போது புரிகிறது.

அப்படியானால் அம்பு மறுப்பது எப்போது? இதற்கும் விடை இருக்கிறது. மில்கிராம் சோதனையில் கூட இருந்த இருவர் “இனி செய்யமாட்டோம்” என்று எழுந்தபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசி விசை வரை போனார்கள். 26 எங்கே, 4 எங்கே! 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் இன்னொரு சோதனை செய்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைக்கும் விடை தெரியும். சுற்றியிருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறாகச் சொன்னபோது, தனித்து நின்றவரின் விடைகளிலும் மூன்றில் ஒரு பங்கு தவறாயிற்று. ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னதும், கூட்டத்தின் பிடி தளர்ந்தது. ஒரே ஒரு துணை. அதற்குள் நாக்குக்கு விடுதலை!

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைபட்டு மாண்டபோது, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் விடியவிடிய நடந்த அடியைச் சொன்னவர் யார்? அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அதே காக்கி, அதே சம்பளம், அதே மேலதிகாரிகள். அஞ்சி நடுங்கியும் உண்மையைச் சொன்னார். அம்புக்குக் கண் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று? மற்றவர்கள் “உத்தரவு” என்று சொல்லித் தப்ப முடியாது என்பதற்கும் அதுவே சான்று.

“நமக்கென்ன?” என்று வாலாஜாபாத் தோழன் எவனும் இருந்துவிட முடியாது. பாலாற்றங்கரையில் தறிக்குழியில் இறங்கியிருப்பவனும், ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு விடியுமுன் பஸ் ஏறுபவனும், வெளியூரிலிருந்து வந்து இங்கே கூலி செய்பவனும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். குண்டூரில் தமிழன் மொழி தெரியாமல் அடிபட்டான். நம் ஊரில் பீகாரி மொழி தெரியாமல் அடிபட்டால் அதுவும் அதே அநீதிதான். “வடக்கத்தியான்தானே!” என்று முகம் திருப்பினால், குண்டூரில் வேடிக்கை பார்த்தவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிட்டோம் என்று பொருள்.

ஆகவே தோழர்களே, கிளைக்கழகம் ஒவ்வொன்றும் செய்ய வேண்டிய வேலை இது. படிப்பகத்துச் சுவரில் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்:

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையொப்பம் வாங்கி, உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பவை டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகள். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்பது அதே நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுக் கட்டளை. காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஏட்டில் உள்ள சட்டம் தானாக எழுந்து நடக்காது. ஒருவரைப் பிடித்துச் சென்றார்கள் என்று கேள்விப்பட்டவுடன் தனியே போகாதீர்கள். நாலு பேராகப் போங்கள். எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குக் கைது என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். வழக்கறிஞரை அழையுங்கள். வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஓங்கிய கையும் ஒரு கணம் யோசிக்கும். நம் ஆட்சியானாலும் மாற்றார் ஆட்சியானாலும் இந்த வேலையை விடாதீர்கள். நம்மவர் நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காகக் கொட்டடிச் சுவர் பஞ்சாகிவிடாது. ஒன்பதாம் பிளாக்கில் அடிபட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம் என்று மார்தட்டுகிறோமே, அந்தப் பெருமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வந்திருக்கிறது. அடிபடுபவன் எந்தக் கொடியைப் பிடித்தவன் என்று கேளாமல், அவனுக்காகக் காவல் நிலைய வாசலில் போய் நிற்பதே அந்தக் கடமை.