உஷார்! ஆவடியில் கட்டில் ஆடினால், மெரினா பக்கம் போகாதீர்கள்!

“கடல் எங்கே இருக்கு, நாம எங்கே இருக்கோம்?”

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். நம் வாசல் வரைக்கும் சுனாமி வராது. உண்மைதான். ஆனால் நாம் அதன் வாசலுக்குப் போகிறோமே! ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு மெரினாவுக்குக் கிளம்புகிறார்கள். காணும் பொங்கல் என்றால் குடும்பமே கட்டுச்சோறோடு கிளம்புகிறது. அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கொஞ்சம் நின்று இதைக் கேளுங்கள்.

2004 டிசம்பர் 26. மார்கழி மாதத்து ஞாயிறு. காலை ஆறரை மணி தாண்டியிருக்கும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடி வீடு. அடுப்படியில் நின்றிருந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. குடத்துத் தண்ணீர் தானாகத் தளும்பியது. சுவரில் மாட்டிய காலண்டர் இப்படியும் அப்படியும் உரசியது. பித்தமாக இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டார். கீழே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகன் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பினான். நண்பர்களோடு மெரினாவுக்கு. “மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுடா” என்று அனுப்பி வைத்தார்.

ஒன்பது மணி வாக்கில் கடல் பொங்கி மணலைத் தாண்டியது. பிள்ளைகள் சாலைப் பக்கம் ஓடித் தப்பினார்கள். தண்ணீர் வடிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மணலில் புதைந்த பைக்கை எடுக்க ஒருவன் மட்டும் திரும்ப இறங்கினான்.

அடுத்த அலை வந்தது. அவன் வரவில்லை.

தன் மகன் பிழைத்து வந்தும் அந்த அம்மாவுக்கு இன்றுவரை ஆறவில்லை. “குடத்துத் தண்ணி தளும்பினப்பவே எனக்குச் சேதி வந்துடுச்சு. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியலை” என்பார்.

ஆம். அது சேதிதான்!

அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் பூகம்பம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பூமி பிளந்து, கடல்தரை மேலே எழும்பியது. அதன் மேலிருந்த கடலும் சேர்ந்து எழும்பியது. அங்கிருந்து சென்னை சுமார் 2,000 கி.மீ. பூமி வழியாக வந்த அதிர்வு பத்து நிமிடத்துக்குள் அம்பத்தூர் வந்துவிட்டது. தண்ணீர் வழியாக வந்த எமனுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆழ்கடலில் விமான வேகத்தில் வந்தும்கூட!

அந்த இரண்டு மணி நேரம் நம் கையில் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை மையமே கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 உயிர்கள். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். பல மணி நேரம் கழித்து, ஆப்பிரிக்காவின் சோமாலியாவிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

தூரம் யாரையும் காப்பாற்றாது. 1960-இல் சிலியில் பூகம்பம். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, பசிபிக்கின் மறுகரையில் ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அலை கொண்டுபோனது.

இந்த அறிகுறிகளையும் ஆபத்துகளையும் மனதில் எழுதி வையுங்கள்:

● மெதுவான, நீளமான ஆட்டம். மின்விசிறி ஊசலாடும். கட்டில் தொட்டில்போல் அசையும். காரணமில்லாமல் தலை சுற்றும். எங்கோ தொலைவில் பெரிய பூகம்பம் நடந்திருக்கலாம். மாடியில் இருப்பவருக்குத் தெரியும், கீழே இருப்பவருக்குத் தெரியாது. “எனக்கு ஆடலையே” என்று அலட்சியம் வேண்டாம்.

● கடல் திடீரென்று உள்வாங்குவது. சிப்பி பொறுக்க, செல்ஃபி எடுக்க இறங்காதீர்கள். ஓடுங்கள்!

● உள்வாங்காமலே பொங்குவது. அன்று நம் கரைக்கு அப்படித்தான் வந்தது. “கடல் உள்ளே போகலையே” என்று காத்திருக்காதீர்கள்.

● ரயில் வருவதுபோல் கடலிலிருந்து இரைச்சல்.

● முதல் அலை வடிந்து போவது. இதுதான் பெரிய பொறி. அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம். பல மணி நேரம் அலைகள் தொடரும். பைக் போகட்டும், செருப்பு போகட்டும். உயிர் போனால் வராது.

● முகத்துவாரங்கள். கூவம், அடையாறு, எண்ணூர் கழிமுகம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

“2012-இலும்தான் ஆடிச்சு, ஒண்ணும் வரலையே?” என்பீர்கள். ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் ஆடியது. சென்னையில் அலுவலகங்களை விட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அன்று பூமித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழும்பவில்லை. பிழைத்தோம். அடுத்த முறை எப்படி நகரும் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

இப்போது ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. டி.வி.யைப் போடுங்கள், அந்த மையத்தின் அறிவிப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், பரப்பாதீர்கள். 2004 டிசம்பர் 30 அன்று மறுபடி சுனாமி என்ற எச்சரிக்கையைக் கேட்டுக் கரையோர ஊர்களே அலறி ஓடின. அலை வரவில்லை. சந்தேகமா? மாநிலப் பேரிடர் உதவி எண் 1070-ஐக் கேளுங்கள்.

இன்னொன்று. அடுக்குமாடியில் ஆட்டம் தெரிந்தால் அடுப்பை அணையுங்கள். லிஃப்டில் ஏறாதீர்கள். 2025 மார்ச்சில் மியான்மரில் பூகம்பம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது!

ஆட்டம் நின்றதும் முதல் வேலை என்ன தெரியுமா? பக்கத்து வீட்டில் “உங்களுக்கும் ஆடிச்சா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பதல்ல. போனை எடுங்கள். வீட்டில் யார் வெளியே போயிருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுங்கள்.

“எங்கே இருக்கே? பீச்சிலயா? கூட இருக்கிறவங்களையும் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பு. எதையும் எடுக்கத் திரும்பிப் போகாதே.”

இவ்வளவுதான். அரை நிமிடம் ஆகாது.