பார்வைத் தட்டின் ஆரக்கால்கள்

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த தம் 7 வயது மகளின் கண்ணைச் சோதித்த வைத்தியர், பார்வை நரம்பின் முகப்பில் இரத்தக் குழாய்கள் அதிகமாகத் தெரிகின்றன என்று சொல்லியதிலிருந்து தமக்கு உறக்கமில்லை என்று கட்டுகஸ்தோட்டை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாய் அமைவதன் விளைவுகள் கண்ணிலும் பலவாறு தோன்றுகின்றன. கதிராளியின் ஓரத்து வெண்புள்ளிகளை 1924இல் பிரஷ்ஃபீல்டு என்பவர் விவரித்தார். நீல விழிகளில் துலங்கும் அவை நம்மவரின் கரும்பழுப்பு விழிகளில் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. என்னை வசீகரிப்பதோ கண்ணின் அந்தரங்கத்திலுள்ள வேறோர் அடையாளம். பார்வை நரம்பு விழித்திரையைச் சேரும் வட்டமான தட்டின் நடுவே வந்து புகும் இரத்தக் குழாய்கள், டவுன் சிண்ட்ரோம் உடையோரிடத்தில் அத்தட்டுக்குள்ளேயே சீக்கிரமாகக் கிளைத்து, 18 அல்லது அதற்கு மேற்பட்டனவாய் விளிம்பைக் கடந்து செல்வதைப் பலமுறை காணலாம். என் பாட்டனாரின் மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்திலிருந்து நாற்புறமும் புறப்பட்ட ஆரக்கால்களையே அது எனக்கு நினைவூட்டுகிறது. அம்மா, இது ரோகமன்று. இதற்கென ஒரு சிகிச்சையும் வேண்டியதில்லை.

பாதகம் செய்வது பிறிதொன்று. அதையே நாம் அசட்டை செய்கிறோம். இக்குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குச் சமீபத்திலுள்ள பொருள்மீது பார்வையைக் குவிக்கும் சக்தி குன்றியிருக்கிறது. முதுமையில் வில்லை இறுகுவதால் நேரும் குறையைப் போலன்றி, வில்லை இளகியே இருக்கையிலும் குவிப்பு மட்டும் போதிய அளவு நிகழ்வதில்லை. ஆகவே, புத்தகத்தைத் திறந்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையை மந்தபுத்தியென்று பின்வாங்கில் உட்காரவைக்கும் ஆசிரியரும், இந்தப் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று பெருமூச்செறியும் உறவினரும், எழுத்தே அதற்கு மங்கலாகத் தெரியக்கூடுமென்று யோசியாதிருப்பது பெரிய அநியாயம். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் வுட்ஹவுஸ் முதலியோர் செய்த ஆராய்ச்சிகள், பைஃபோகல் கண்ணாடி அணிந்த இத்தகைய பிள்ளைகள் சமீபத்து எழுத்தைத் தெளிவாகக் காண்பதையும், அவர்களுள் சிலர் காலக்கிரமத்தில் தாமாகவே குவிக்கப் பழகிவிடுவதையும் காட்டியிருக்கின்றன.

பிறவிக் கண்புரையும், வளரும் பருவத்தில் கண்ணின் முன்படலம் மெலிந்து கூம்பாகும் வியாதியும் இவர்களிடையே மற்றவர்களைவிட அதிகம். ஆதலால் கண்ணைக் கசக்கும் வழக்கத்தைச் சிறு வயதிலேயே தடுக்கவேண்டும். பிறந்த சில மாதங்களுக்குள் ஒருமுறையும், பின்னர் தவறாமலும் பரிசோதனை நடைபெறவேண்டும்.

நம் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கண்டியிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இத்தகைய பிள்ளைகளை வளர்ப்போர் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும்போது, தூரத்து எழுத்துப் பலகையோடு நிறுத்திவிடாமல், கையெட்டும் தூரத்திலும் பிள்ளையின் பார்வையைச் சோதிக்கும்படி வைத்தியரை வாய்விட்டுக் கேளுங்கள்.