கல்லில் ஏறும் வண்டி: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கடிதம் டைப் செய்வார்கள், பாட்டுக் கேட்பார்கள், இன்டர்நெட் பார்ப்பார்கள். அதன் பிறகு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. நீங்கள் எழுதும் புரோகிராம் மானிட்டரை விட்டு இறங்கி, தெருவில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி மேல் ஏறினால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஒரு சிறிய வண்டியைச் செய்வது எப்படி, அதைவிட முக்கியமாகச் சோதிப்பது எப்படி என்று பார்க்கலாம்.

நிலவில் ஓடிய வண்டி

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதிலிருந்து வெளியே வந்த பிரக்யான் ரோவர் 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்டது. வேகம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். எறும்பே முந்திவிடும். மேடு பள்ளத்தில் செல்லும் வண்டிக்கு வேகம் முக்கியமல்ல. எல்லாச் சக்கரங்களும் தரையைப் பற்றிக் கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இதற்கான அமைப்பின் பெயர் ராக்கர்-போகி. ரயில் பெட்டியை நாம் போகி என்று சொல்கிறோம். உண்மையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். இந்த வண்டியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நீளமான கை இருக்கும். அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம். மறு முனையில் சீசா பலகை போல ஆடும் சின்னக் கை. அதில் இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் கைகள் வளைந்து கொடுக்கும், மற்ற சக்கரங்கள் தரையிலேயே இருக்கும். ஸ்பிரிங் எதுவும் கிடையாது. 1997-ல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் முதல் இந்த முறைதான் பயன்பட்டு வருகிறது.

தேவையான பொருட்கள்

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாமே கிடைத்துவிடும். ஆர்டுயினோ யூனோ போர்டு ஒன்று, மஞ்சள் நிற பி.ஓ. கியர் மோட்டார் ஆறு, 65 மில்லிமீட்டர் சக்கரங்கள் ஆறு, எல்298என் மோட்டார் டிரைவர் இரண்டு, ஹெச்சி-05 புளூடூத் மாட்யூல் ஒன்று, 18650 லித்தியம் செல் இரண்டு, அதற்கான ஹோல்டர், சார்ஜர், சுவிட்ச். கைகளுக்கு பி.வி.சி. பைப் போதும். ஆடும் மூட்டுகளில் சாதாரண நட் போட்டால் கழன்றுவிடும்; நைலான் வளையம் உள்ள லாக் நட் கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

ஆர்டுயினோ ஐ.டி.இ. இலவச சாப்ட்வேர். அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். போர்டை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற பிரிவைத் திறந்து பாருங்கள். காம் என்ற பெயரும் ஓர் எண்ணும் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் சிஹெச்340 என்ற சிப் இருக்கும். அதற்கான டிரைவரை இன்ஸ்டால் செய்தால் வந்துவிடும்.

புரோகிராம் மிக எளிது. போனிலிருந்து புளூடூத் வழியாக ஓர் எழுத்து வரும். எஃப் வந்தால் முன்னால், பி வந்தால் பின்னால், எஸ் வந்தால் நில். ஒன்றை மறக்காதீர்கள். புளூடூத் மாட்யூல் போர்டின் 0, 1 பின்களில் இருக்கும்போது புரோகிராம் போர்டில் ஏறாது. அதைக் கழற்றிவிட்டு அப்லோட் செய்து, பிறகு மாட்டுங்கள். ஹெச்சி-05 ஆண்ட்ராய்டு போனுடன் பேசும், ஐபோனுடன் பேசாது.

நான் செய்த தவறு

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனின் பள்ளிக் கண்காட்சிக்காக இந்த வண்டியை முதலில் செய்தோம். கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொசைக் தரையில் அருமையாக ஓடியது. கண்காட்சியில் கற்கள் பரப்பிய தட்டில் வைத்ததும் இரண்டு அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது. மீண்டும் ஆன் செய்தால் மீண்டும் நின்றது. "மாமா, வீட்டில் ஓடியதே!" என்றான். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தடையில்லாத தரையில் இந்த மோட்டார் மிகக் குறைந்த கரண்ட்தான் எடுக்கும். கல்லில் சிக்கினால் ஒரு மோட்டாரே ஏறத்தாழ ஓர் ஆம்பியர் வரை இழுக்கும். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 9 வோல்ட் பெட்டி பேட்டரி வைத்திருந்தேன். வோல்டேஜ் சட்டென்று விழுந்து ஆர்டுயினோ ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. மின்சாரம் குறைந்தால் யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதே, அதே கதைதான்.

தீர்வு இதுதான். மோட்டார்களுக்குத் தனியாக இரண்டு லித்தியம் செல். அந்த 9 வோல்ட் பேட்டரி ஆர்டுயினோவுக்கு மட்டும். இரண்டின் நெகட்டிவ் வயர்களையும் ஒன்றாக இணைக்க வேண்டும். ஒரு எல்298என் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும் என்பதால் மோட்டார்களை இரண்டு டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். 300 ஆர்.பி.எம். மோட்டாரை மாற்றி 60 ஆர்.பி.எம். போட்டோம். வேகம் நொடிக்கு ஒரு மீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டராகக் குறைந்தது, இழுவை கூடியது.

எச்சரிக்கை: லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். அதற்குரிய சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

சோதிப்பது எப்படி?

இஸ்ரோ பெங்களூருவில் ரோவரைச் சோதிக்க நிலவின் தரையையே செய்து பார்த்தது. நிலவின் மேட்டுப் பகுதிகளில் உள்ள அனார்த்தசைட் வகைப் பாறை நமது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் சோதனை மண் தயாரித்தார்கள். எங்கே ஓட வேண்டுமோ அதே மாதிரி தரையில் சோதிக்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

1. ஒரு சக்கரத்தைப் புத்தகத்தின் மேல் ஏற்றி, ஆறு சக்கரங்களுக்கு அடியிலும் காகிதத் துண்டு வையுங்கள். எந்தத் துண்டு லேசாக உருவிக்கொண்டு வருகிறதோ, அந்தச் சக்கரம் எடையைத் தாங்கவில்லை.

2. பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கி, எந்தக் கோணத்தில் வண்டி வழுக்குகிறது என்று பாருங்கள். கோணத்தை அளக்க போனில் உள்ள லெவல் ஆப் போதும்.

3. கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டு, ஒரு சட்டி முக்கால் இஞ்ச் ஜல்லியும் ஒரு சட்டி ஒன்றரை இஞ்ச் ஜல்லியும் வாங்கி வந்து பரப்புங்கள். பத்து முறை ஓட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் நடந்ததை எக்ஸெல்லில் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. எங்கள் வண்டி முதலில் பத்துக்கு மூன்று முறைதான் ஜல்லியைக் கடந்தது. பேட்டரியை மேலிருந்து கீழே இறக்கி வைத்ததும் எட்டாகியது.

2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தது. வந்த வழியே திரும்பும்படி கட்டளை அனுப்பினார்கள். அது தோல்வியல்ல, தன் வண்டியால் எது முடியாது என்று தெரிந்து வைத்திருப்பதும் பொறியியல்தான். அடுத்த கண்காட்சியில் ஒருவர் பெரிய கல்லைக் காட்டி, "இதில் ஏறுமா?" என்று கேட்டார். "ஐந்து சென்டிமீட்டர் வரை ஏறும் சார், இது ஏறாது" என்று அக்கா மகன் தயங்காமல் சொன்னான். வண்டியை ஓட்டிக் காட்டியதைவிட அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்திருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். முதல் முறை நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள். ஏன் நின்றது என்று குறித்து வையுங்கள்.